ஊன்றுகாலைப் பார்க்கக் கற்றுக்கொண்ட கதை

யாழ்ப்பாணத்தின் கடற்கரையோரக் கிராமங்களில் உதைபந்தாட்டம் ஆடி வளர்ந்தவர்களுக்குச் ‘சமநிலை தவிர்ப்பு உதை’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இங்கே கழகங்கள் நடத்தும் தொடர்களில் பெரும்பாலானவை, தோற்ற அணி உடனே வெளியேறும் விலகல் முறையிலானவை. அணிக்கு ஒன்பது பேர், சில இடங்களில் ஏழு பேர் என்று ஆடும் மின்னொளிப் போட்டிகளில் ஆட்ட நேரமும் குறைவு. ஒரே இரவில் நான்கைந்து ஆட்டங்களை முடித்தாக வேண்டியிருப்பதால் மேலதிக நேரம் கொடுப்பதும் அரிது. ஆட்டம் சமநிலையில் முடிந்தால் நேரே தண்ட உதைதான், அதாவது பெனால்டி. இதனால் எங்கள் ஊர்க் கோல் காப்பாளர் ஒருவர், வேறு ஊர்களில் பல பருவங்கள் நின்றாலும் காணக் கிடைக்காத அளவு தண்ட உதைகளை ஒரு மாதத் தொடரிலேயே கண்டுவிடுகிறார். அப்படியிருந்தும் அதற்கென்று தனியாகப் பயிற்சி எடுத்த காப்பாளர் எவரையும் என் காலத்தில் நான் கண்டதில்லை. ‘அது அதிர்ஷ்டம்’ என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படியே நம்பினேன்.

எங்கள் ஊர்க் கழகத்துக்காகப் பதினான்கு வருடங்கள் கோல் காத்தேன். அவற்றுள் முதல் ஆறு வருடங்களில் நான் தடுத்த தண்ட உதைகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம்; அவற்றிலும் பாதி, உதைத்தவரே என் நெஞ்சுக்கு நேரே அடித்துத் தந்தவை.

அந்த நிலைமை மாறியதற்குக் காரணமான இரவு நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்து ஊர் மைதானத்தில் அரையிறுதி ஆட்டம், நேரம் இரவு பதினொரு மணியைக் கடந்திருந்தது. முதல் உதைக்கு நான் வலப்பக்கம் பாய்ந்தேன், பந்து இடப்பக்கம் போனது. இரண்டாவதற்கு இடப்பக்கம் பாய்ந்தேன், பந்து நான் நின்ற இடத்தாலேயே உள்ளே போனது. மூன்றாவதற்குச் சரியான பக்கம்தான் பாய்ந்தேன். ஆனால் பந்து வந்து சேர்வதற்கு முன்பே நிலத்தில் கிடந்ததால், இடுப்பளவு உயரத்தில் வந்த அந்தப் பந்து என் கைக்கு மேலால் மெதுவாகத் தாண்டிப் போனதைக் கிடந்தபடியே பார்த்தேன். நான்காவது மறுபடியும் நடுவால். எங்கள் பக்கம் இரண்டு உதைகள் ஏற்கெனவே வீணாகியிருந்தபடியால் ஐந்தாவதற்குத் தேவையே இருக்கவில்லை.

கையுறையைக் கழற்றிக்கொண்டு வேலியோரமாக நடந்தபோது, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், தன் இளமையில் கோல் காத்தவராம், என்னை மறித்து நிறுத்தினார். “தம்பி, அவன் அடிக்க முந்தியே நீ படுத்திட்டாய். படுத்துக் கிடக்கிறவனுக்கு மேலாலை அடிக்க என்ன கெட்டித்தனம் வேணும்?” என்றார். கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் கணக்குப் புரிந்தது: நான் எதுவுமே செய்யாமல் நடுவில் நின்றிருந்தால் இரண்டு பந்துகள் என் மேல் பட்டிருக்கும், மூன்றாவதை எட்டிப் பிடித்திருக்கவும் கூடும்.

என் மச்சான் அந்த நான்கு உதைகளையும் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருந்தான். அந்தக் காணொளி ஒரு செக்கனுக்கு 30 சட்டகங்கள், அதாவது 30 தனித்தனிப் படங்கள், கொண்டது. ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி, கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். கால் பந்தில் பட்ட கணத்திலிருந்து பந்து கோட்டைக் கடக்கும் வரை ஏறத்தாழ 14 சட்டகங்கள். தண்ட உதைப் புள்ளிக்கும் கோல் கோட்டுக்கும் இடையே உள்ள தூரம் 11 மீற்றர். அதாவது பந்து அரைச் செக்கனுக்கும் குறைவான நேரத்தில், மணிக்கு ஏறத்தாழ 85 கிலோமீற்றர் வேகத்தில் வந்திருக்கிறது. என் கால் நிலத்தை உந்தத் தொடங்கியதிலிருந்து என் விரல் நுனி கம்பத்தடியை எட்டும் வரை சென்றது 20 சட்டகங்கள். ஆகவே கம்பத்தை ஒட்டி வரும் பந்தைப் பிடிக்க வேண்டுமென்றால், உதைபடுவதற்கு ஆறு சட்டகங்கள் முன்னரே நான் புறப்பட்டிருக்க வேண்டும். முற்கூட்டியே பாயத்தான் வேண்டும் என்று எல்லாக் காப்பாளர்களும் நினைப்பதன் நியாயம் இதுதான், அதில் பிழை இல்லை. ஆனால் நானோ அந்த இரவில் பன்னிரண்டு சட்டகங்கள் முன்னதாகவே புறப்பட்டிருந்தேன். ஓடி வந்தவர் இன்னும் கடைசி அடியைக்கூட எடுத்து வைக்கவில்லை. நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று பார்த்து, மற்றப் பக்கம் அடிக்க அவருக்குத் தாராளமாக நேரம் இருந்தது.

இன்னொரு கணக்கும் அந்தக் கொப்பியில் இருந்தது. உதைபடும் கணத்திலேயே புறப்பட்டால், பந்து வந்து சேரும் 14 சட்டகங்களுக்குள் என் கை எங்கே இருக்கும்? கம்பத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் உள்ளே இருக்கும். கோல் கம்பங்களுக்கு இடைப்பட்ட அகலம் 7.32 மீற்றர். இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு மீற்றரை விட்டுக்கொடுத்தால், நடுவில் ஐந்தேகால் மீற்றரை என்னால் காக்க முடியும். எங்கள் மட்டத்தில், களைத்த கால்களோடு, நள்ளிரவில், சனம் சுற்றி நின்று கூவும்போது, கம்பத்தை ஒட்டிப் பலமாக அடிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? அப்படி அடித்தால் கை கொடுத்துவிட்டு வரலாம். மற்றப் பந்துகள்தான் காப்பாளருக்கு உரியவை. அவற்றைத்தான் நான் ஆறு வருடங்களாக அவசரத்தால் விட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த அவசரம் எனக்கு மட்டும் உரிய குறையல்ல என்று பின்னர் அறிந்தேன். 2007ஆம் ஆண்டில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், உயர்மட்டப் போட்டிகளில் அடிக்கப்பட்ட 286 தண்ட உதைகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பந்துகளில் 28.7 வீதம் கோலின் நடுப்பகுதிக்கு வந்திருக்கின்றன; காப்பாளர்கள் நடுவில் நின்றதோ 6.3 வீதம் மட்டுமே. பாய்ந்து விட்ட கோலை விட, நின்றபடி விட்ட கோல் அதிகமாக மனத்தைச் சுடும் என்பதே அவர்கள் சொன்ன விளக்கம். எங்கள் மைதானங்களில் நின்றவர்களுக்கு இதை ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை அசையாமல் நின்று கோல் வாங்கிப் பாருங்கள். “மரம் மாதிரி நிக்கிறான்” என்ற குரல் வேலிக்கு அப்பாலிருந்து வரும், அது ஒரு வாரத்துக்குச் சந்தியிலும் கேட்கும். தவறான பக்கம் பாய்ந்து மண் பூசிக்கொண்டு எழுந்தவரை யாரும் ஏசுவதில்லை. நான் பாய்ந்ததில் பாதி, பந்துக்காக அல்ல, வேலிக்கு அப்பால் நின்ற அந்தக் குரல்களுக்காகத்தான்.

நிற்பது என்றால் சும்மா நிற்பதல்ல. நிற்கும் அந்த நேரத்தில் எதைப் பார்ப்பது என்பதைக் கற்க எனக்கு இரண்டு பருவங்கள் பிடித்தன. தொடக்கத்தில் உதைப்பவரின் கண்ணைப் பார்த்தேன். கண் பொய் சொல்லும். தோளைப் பார்த்தேன், கெட்டிக்காரர்கள் தோளாலும் பொய் சொல்வார்கள். பொய் சொல்ல மிகவும் கஷ்டப்படுவது ஊன்றுகால், அதாவது பந்துக்குப் பக்கத்தில் பதிக்கும் கால். உடலின் முழுப் பாரத்தையும் அது தாங்க வேண்டியிருப்பதால், அதன் நுனி பார்க்கும் திசைக்கே பெரும்பாலும் பந்து போகிறது. என் காணொளியில் ஊன்றுகால் பதிந்ததற்கும் பந்து உதைபட்டதற்கும் இடையே நான்கு அல்லது ஐந்து சட்டகங்கள் இருந்தன. அதைக் கண்டு, மூளைக்கு எட்டி, கால் அசையத் தொடங்கும்போது பந்து புறப்பட்டிருக்கும். சற்றுப் பிந்தியதுதான், ஆனால் பந்தின் திசை தெரிந்த பின் புறப்படுகிறோம். அதற்கு அடுத்ததாக இடுப்பைக் கவனிக்கலாம். வலக்கால்காரர் ஒருவர் சரிவாக ஓடிவந்து இடுப்பை மூடியபடி வீசி அடித்தால் பந்து பெரும்பாலும் காப்பாளரின் வலப்பக்கம் வரும். இடுப்பைத் திறந்து பாதத்தின் உட்பக்கத்தால் தள்ளினால் காப்பாளரின் இடப்பக்கம் போகும். இடக்கால்காரருக்கு இவை தலைகீழ். உடல் பின்னால் சாய்ந்தால் பந்து எழும்பும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் மூன்றாவது அறிகுறியைப் பார்க்கும் அளவுக்கு எனக்கு ஒருபோதும் நேரம் கிடைத்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு நான் கண்டுபிடித்த மிகப் பயனுள்ள பயிற்சியில் காப்பாளர் பாய்வதே இல்லை. மற்றவர்கள் தண்ட உதை அடித்துப் பழகும்போது கோலுக்குப் பின்னால், வலைக்கு வெளியே, காப்பாளரின் நேர்கோட்டில் நின்றுகொள்வேன். எங்கள் ஊரில் வலை என்றால் கழித்துவிட்ட மீன்வலைதான்; அதன் கண்களுக்கூடாக உதைப்பவரின் கால் நன்றாகத் தெரியும். ஊன்றுகால் பதிந்தவுடன் “வலம்”, “இடம்”, “நடு” என்று உரத்துச் சொல்ல வேண்டும், பந்து உதைபட்ட பிறகு சொன்னால் கணக்கில் சேராது. முதல் நாள் இருபதில் எட்டுச் சரி. குருட்டாம்போக்கில் சொன்னாலும் அவ்வளவு வந்திருக்கும். இரண்டு மாதங்களின் பின் இருபதில் பதின்மூன்று, பதினான்கு என்று வந்தது. பாயும் சுமை இல்லாததால் கண் தனியாகப் பழகுகிறது; ஒரு மாலையில் அறுபது உதைகளைப் பார்த்தாலும் உடம்பு நோவதில்லை.

தயங்கித் தயங்கி ஓடிவந்து, கடைசி வரை காப்பாளரையே பார்த்து அடிப்பவர்கள் ஒரு தனி வகை. அவர்கள் பந்தைப் பார்ப்பதில்லை என்பதால் பலமாக அடிக்க முடியாது. அவர்களுக்கு எதிரே செய்ய வேண்டியது ஒன்றுதான்: அசையாமல் இருப்பது. நாம் அசையாவிட்டால், கடைசிக் கணத்தில் முடிவெடுக்க வேண்டிய சங்கடம் அவர்களுக்கு வந்துவிடும். ஒரு சிறு சாய்வை மட்டும் காட்டிவிட்டு மற்றப் பக்கம் போவதும் சிலவேளை பலிக்கும். 1976ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ண இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா, மேற்கு ஜேர்மனியின் செப் மையர் பாய்ந்து கிடக்க, பந்தை நடுவால் மெல்லத் தூக்கிப் போட்டார் அல்லவா, அந்த உதையை இன்று எங்கள் ஊரில் பதினைந்து வயதுப் பையன்களும் அடித்துப் பார்க்கிறார்கள். நின்று பழகிய காப்பாளருக்கு அது கையில் வந்து விழும் மாம்பழம்.

பாய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையன்கள் முற்கூட்டியே விழுவதற்கு இன்னொரு காரணம் பயம் என்பதைப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய பிறகே கண்டேன். எங்கள் மைதானங்கள் வெயில் காலத்தில் சீமெந்துத் தரைபோல இறுகிவிடும். ஓரங்களில் நெருஞ்சி முள் வேறு. உரிய கணத்தில் முழு வேகத்தோடு பாய்ந்தால் நோகும் என்று உடம்புக்குத் தெரியும், அதனால் அது முன்னதாகவே மெதுவாகச் சரிந்து கொடுத்துவிடுகிறது. ஆகவே நான் புதியவர்களை முதல் மூன்று வாரங்கள் மைதானத்துக்கே கொண்டுபோவதில்லை. கடற்கரையில், அலை வந்து போன ஈர மணலில், முதலில் முழந்தாளில் நின்றும், பிறகு குந்தியிருந்தும், பிறகு எழுந்து நின்றும் விழப் பழக்குகிறேன். வயிறு அடிபட விழக்கூடாது. தொடையின் பக்கம், இடுப்பு, தோள் என்று வரிசையாக நிலம் தொட வேண்டும். பாயும் பக்கத்துக் காலால் ஓர் அடி சரிவாக முன்னோக்கி எடுத்து, அதே காலால் உந்த வேண்டும். பக்கவாட்டிலே பாய்வதைவிட இப்படி முன்னோக்கிப் பாய்ந்தால் பந்தின் பாதை குறுகி, கை எட்டும் இடம் கூடும். நிலத்தோடு வரும் பந்துக்குக் கீழ்க்கை முந்த வேண்டும். தாழ்வான பந்துக்கு மேல்க்கையை நீட்டுவது நான் இன்றும் பையன்களிடம் அடிக்கடி காணும் பிழை. அந்தக் கை வளைந்து வருவதற்குள் பந்து போய்விடும்.

ஆனால் அந்த முன்னடி என்னை ஒருமுறை மாட்டிவிட்டது. 2019இல் விதி திருத்தப்பட்டதிலிருந்து, பந்து உதைபடும் கணத்தில் காப்பாளரின் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோல் கோட்டைத் தொட்டுக்கொண்டோ அதற்கு நேராகவோ (2022இலிருந்து அதற்குப் பின்னாலோ) இருக்க வேண்டும். நான் ஊன்றுகாலை நன்றாகப் படிக்கத் தொடங்கிய உற்சாகத்தில், இரண்டு கால்களாலும் முன்னே துள்ளிவிட்டுப் பாயும் பழக்கத்துக்கு ஆளாகியிருந்தேன். ஒரு காலிறுதியில் எதிரணியின் முக்கிய வீரர் அடித்த பந்தை அப்படியே தட்டிவிட்டேன். விசில் ஊதிய மத்தியஸ்தர் கோட்டைக் காட்டி, மறுபடி அடிக்கச் சொன்னார். எனக்கு எச்சரிக்கையும் கிடைத்தது. இரண்டாவது முறை பந்து எந்தப் பக்கம் வந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை, அவ்வளவு குழப்பம். இப்போது பையன்களுக்குக் கோல் கோட்டிலே ஒரு பழைய சாக்கைப் போட்டு, உந்தாத கால் அதில் இருந்து எழும்பாமல் பாயப் பழக்குகிறேன்.

விட்டுக்கொடுத்த அந்த ஓர மீற்றர்களைத் திரும்ப வாங்க ஒரு வழி உண்டு, அது கொப்பி. எங்கள் தொடர்களில் அதே கழகங்கள், அதே ஆட்கள். அவர்கள் ஆடும் மற்ற ஆட்டங்களைப் பார்க்கப் போய், யார் எந்தக் காலால், எந்தப் பக்கம், எந்த உயரத்தில் அடிக்கிறார்கள் என்று எழுதி வைக்கத் தொடங்கினேன். மூன்று முறை ஒரே மூலைக்கு அடித்தவர் நான்காவது முறை, அதுவும் தோற்றால் வெளியே என்ற நிலையில், மூலையை மாற்றுவது குறைவு. அப்படிப்பட்டவருக்கு மட்டுமே நான் முற்கூட்டிப் புறப்படுவேன்.

2006 உலகக் கிண்ணக் காலிறுதியில், பெர்லினில் ஆர்ஜன்ரீனாவுக்கு எதிராக ஜேர்மனியின் ஜென்ஸ் லேமான் தன் காலுறைக்குள் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்திருந்தது உலகறிந்த கதை. எதிரணியில் யார் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று காப்பாளர் பயிற்றுநர் ஆன்ட்ரியாஸ் கோப்கே எழுதிக் கொடுத்தது அது. அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம், கடைசியாக அடிக்க வந்த கம்பியாஸோவின் பெயர் அந்தக் காகிதத்தில் இருக்கவே இல்லை என்பதுதான். லேமான் அதை எடுத்து ஆறுதலாக வாசித்துவிட்டு மீண்டும் காலுறைக்குள் வைத்தார். வாசிக்க எதுவும் இல்லை என்பது கம்பியாஸோவுக்கு எப்படித் தெரியும்? பந்து தடுக்கப்பட்டது, ஜேர்மனி 4–2 என்று வென்றது. 2024 ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில் இங்கிலாந்தின் ஜோர்டன் பிக்ஃபோர்ட் அதே வேலைக்குத் தண்ணீர்ப் போத்தலைப் பயன்படுத்தினார். சுவிற்சர்லாந்தின் அகாஞ்சியின் பெயருக்கு நேரே, இடப்பக்கம் பாய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது, அகாஞ்சியின் உதையையே அவர் தடுத்தார். நானும் ஒருமுறை காலுறைக்குள் காகிதம் வைத்தேன். வியர்வையில் ஊறி, எடுத்துப் பார்த்தபோது நீல நிறம் மட்டுமே மிஞ்சியிருந்தது. அதன் பிறகு மனப்பாடம்தான்.

உதைப்பவரைச் சீண்டுவது, பந்தைத் தூக்கிப்போட்டு நேரம் கடத்துவது போன்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆர்ஜன்ரீனாவின் எமிலியானோ மார்ட்டினஸ் 2022 உலகக் கிண்ண இறுதியில் அதைச் செய்து வென்றார் என்பது உண்மை. அதற்கு அடுத்த ஆண்டு விதியும் இறுக்கப்பட்டது. இப்போது கம்பத்தையோ வலையையோ தொட்டு, நேரம் கடத்தி, உதைப்பவரின் கவனத்தைக் குலைக்க முடியாது. எங்கள் ஊர்களிலோ, நீங்கள் சீண்டும் ஆள் அடுத்த நாள் மீன் சந்தையில் உங்களுக்கு எதிரே நிற்பார். சத்தமில்லாத ஒரு தந்திரம் மட்டும் பழக்கத்தில் உண்டு: நடுவிலிருந்து அரைச் சாண் அளவுக்கு ஒரு பக்கம் தள்ளி நிற்பது. உதைப்பவர் அதை உணராமலே அகலமான பக்கத்தை அதிகம் தெரிவு செய்கிறார் என்று ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். ஒரு சாணுக்கு மேல் தள்ளினால் பிடிபட்டுவிடும்.

தடுத்த பிறகு என்ன என்பதை நான் மிகவும் பிந்தியே கற்றேன். ஆட்டத்தின் நடுவில் கிடைக்கும் தண்ட உதையென்றால் தட்டிவிட்ட பந்து மறுபடி உதைப்பவரின் காலுக்கே வரலாம் என்பதால் காப்பாளர்கள் உஷாராகவே இருப்பார்கள். சமநிலை தவிர்ப்பு உதையில் மறுபடி அடிக்க முடியாது என்ற எண்ணத்தில்தான் கவனம் தளர்கிறது. பந்து அசைந்துகொண்டிருக்கும் வரை அந்த உதை முடிவதில்லை. 1986 உலகக் கிண்ணக் காலிறுதியில் பிரான்சின் புரூனோ பெலோன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி, பிரேஸில் காப்பாளர் கார்லோஸின் முதுகில் மோதி உள்ளே போனது, கோல் கொடுக்கப்பட்டது.

அதை வாசித்தும் இருந்தேன். ஆனாலும் மின்னொளித் தொடர் ஒன்றின் இறுதியாட்டத்தில், தடுத்தால் கிண்ணம் எங்களுக்கு என்ற ஐந்தாவது உதை. உதைப்பவரின் ஊன்றுகால் இடப்பக்கம் பார்த்தது, காத்திருந்தேன், பாய்ந்தேன், இரண்டு உள்ளங்கைகளிலும் பந்து நன்றாகப் பட்டு மேலே எழும்பியது. பதினான்கு வருடங்களில் நான் செய்த மிகச் சுத்தமான தடுப்பு அது. எழுந்து, கைகளை உயர்த்தி, நடுமைதானத்தில் நின்ற எங்கள் ஆட்களை நோக்கி ஓடினேன். அவர்களில் ஒருவரும் என்னை நோக்கி ஓடிவரவில்லை, எல்லாரும் என் தலைக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுழன்றபடி கீழே விழுந்த பந்து, முதல் நாள் மழையில் இளகியிருந்த மண்ணில் குத்தி, பின்பக்கமாக உருண்டு, ஆறுதலாகக் கோட்டைக் கடந்துகொண்டிருந்தது. மத்தியஸ்தர் கோல் என்று கைகாட்டியபோது நான் பெனால்டிப் பெட்டியைத் தாண்டியிருந்தேன், கைகள் இரண்டும் இன்னும் மேலேதான்.